வாதத்திற்கு வலுவூட்டுவது எது?

(தேர்வுக்குப் பயிலும் மாணவர்களும் இளம் அலுவலர்களும் கூடிய அவையில் ஆற்றிய உரை)



மத்திய அரசுப் பணியாளர் தேர்வாணையம் நடத்தும் குடிமைப் பணி முதல்நிலைத் தேர்வில் 2011-ஆம் ஆண்டு திறனறித் தாள் சேர்க்கப்பட்டது. 2015 முதல் அதில் 33 சதவீத மதிப்பெண் பெற்றாலே போதும் என்றாயிற்று. அதனால் பலர் அதனைப் பொருட்படுத்துவதில்லை. ஆனால், "கீழ்க்காண்பவற்றுள் எது இவ்வாதத்திற்கு வலுச் சேர்க்கிறது?" என்னும் வினா தேர்வு மண்டபத்தோடு முடிந்துவிடுவதன்று. அலுவலகத்தில் ஒவ்வொரு கோப்பிலும் அது மீண்டும் எழுகிறது.

வாதம் என்பது சான்று, முடிவு என்னும் இரு கரைகளை உடையது. இரண்டுக்கும் இடையே சொல்லாமல் விடப்பட்ட அனுமானம் ஒன்று பாலமாக நிற்கிறது. அந்தப் பாலத்தைத் தாங்கும் தூணே வலுவூட்டும் கூற்று. முடிவையே வேறு சொற்களில் திரும்பச் சொல்வது வலுவூட்டல் ஆகாது. முடிவை ஐயத்திற்கு இடமின்றி மெய்ப்பிக்க வேண்டும் என்பதும் இல்லை. அதனை நம்புவதற்குரிய காரணம் முன்னிலும் மிகுந்தால் போதும்.

ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம். இன்று இமாசலப் பிரதேசத்தில் உள்ள காங்க்ரா பள்ளத்தாக்கில் முன்கழுத்துக் கழலை நோய் பரவலாக இருந்தது. 1956-இல் பேராசிரியர் ராமலிங்கசுவாமியும் அவர்தம் குழுவினரும் அங்கே ஓர் ஆய்வைத் தொடங்கினர். அயோடின் சேர்த்த உப்பு வழங்கப்பட்ட பகுதியில் சில ஆண்டுகளில் நோய் குறைந்தது. "ஆகவே நோய் குறைந்ததற்கு அயோடினே காரணம்" என்பது வாதம் எனக் கொள்வோம். இதற்கு வலுச் சேர்ப்பது எது?

1. உப்பை ஏழை, பணக்காரர் அனைவரும் உண்கின்றனர்.
2. இமயமலை அடிவாரத்தின் பிற பகுதிகளிலும் இந்நோய் உண்டு.
3. அதே காலத்தில் சாதாரண உப்பு வழங்கப்பட்ட பக்கத்து மண்டலத்தில் நோய் அவ்வாறு குறையவில்லை.

முதற்கூற்று திட்டத்தை நிறைவேற்றுவது எளிது என்கிறது. இரண்டாவது, நோயின் பரப்பை உணர்த்துகிறது. இரண்டும் உண்மையே, ஆயினும் காரணத்தைப் பற்றி அவை ஒன்றும் சொல்லவில்லை. உணவுப் பழக்கம் மாறியதாலோ வேறு காரணத்தாலோ நோய் குறைந்திருக்கலாம் அன்றோ? அந்த ஐயத்தைப் பெரிதும் அகற்றுவது மூன்றாவது கூற்றே. பின்னர் அம்மண்டலத்திற்கும் அயோடின் உப்பு வழங்கப்பட்டபோது அங்கும் நோய் குறைந்தது. வாதம் மேலும் உறுதி பெற்றது. 1962-இல் தேசிய முன்கழுத்துக் கழலைக் கட்டுப்பாட்டுத் திட்டம் தொடங்கப்பட்டது.

எனவே, விடைகளைப் படிக்குமுன் முடிவு எதுவென அடிக்கோடிடுங்கள். சான்றிலிருந்து அம்முடிவுக்குச் செல்ல எதனை அனுமானித்துள்ளனர் என்று கேளுங்கள். பின்னர் ஒவ்வொரு கூற்றையும் உண்மையென ஏற்றுக்கொண்டு, அதனால் முடிவின் மீதுள்ள நம்பிக்கை கூடுகிறதா என்று பாருங்கள். ஐயம் நீங்காவிடில், அக்கூற்றுக்கு நேர்மாறானது உண்மையாயின் வாதம் தளருமா என்று சோதியுங்கள். உங்கள் சொந்தக் கருத்துக்கு இசைவான விடையைத் தேர்ந்தெடுக்கும் ஆசைக்கு மட்டும் இடங்கொடாதீர்கள்.

இப்பாடத்தை நான் தேர்வில் கற்கவில்லை; பிழை செய்து கற்றேன். பணியில் சேர்ந்த புதிதில், கிணறு வெட்டக் கடன் பெற்ற உழவர்களின் விளைச்சல் உயர்ந்திருப்பதைக் காட்டி, அக்கடன் திட்டத்தை விரிவுபடுத்தலாம் என்று குறிப்பு எழுதினேன். மேலதிகாரி ஓரத்தில் ஒரே வரி எழுதித் திருப்பினார்: "கடன் பெறாதவர் நிலத்தில் விளைச்சல் என்ன?" விசாரித்தோம். அவ்வாண்டு மழை நன்கு பெய்திருந்தது. அவர்கள் நிலத்திலும் ஏறக்குறைய அதே அளவு உயர்ந்திருந்தது. திட்டம் தவறானது என்று அதனால் ஆகிவிடாது. என் வாதத்திற்குத் தூண் இல்லை என்பதே உண்மை. அக்குறிப்பு அப்படியே ஏற்கப்பட்டிருந்தால், பயன் தெரியாத ஒன்றுக்காக எளிய உழவர் பலர் கடன் சுமந்திருப்பர்.

தேர்வில் தவறான விடைக்கு மூன்றில் ஒரு பங்கு மதிப்பெண் குறையும். கோப்பில் நேரும் தவறுக்கான விலையை எழுதியவர் கொடுப்பதில்லை. முகம் தெரியாத மக்களே கொடுக்கின்றனர். அதனை நினைவிற் கொண்டு, இவ்வினாக்களைப் பொறுமையுடன் பயிலுமாறு கேட்டுக்கொண்டு என் உரையை நிறைவு செய்கிறேன்.