கல் நட்ட பாதையில் ஒரு ஜீப்

 ஊவாவில் கரடுமுரடான மலைப்பாதையில் ஜீப் ஓட்ட ஆசை, எங்கே போகலாம் என்று கேட்டால் இளைஞர்கள் முதலில் சொல்லும் பெயர் டெவில்ஸ் ஸ்டெயார்கேஸ். ஓஹியாவிலிருந்து உடவேரியத் தோட்டத்துக்குள்ளால் இறங்கி, பம்பரகந்தை நீர்வீழ்ச்சிப் பக்கமாக வந்து, களுபஹனையில் பெரிய வீதியைப் பிடிக்கிற பாதை அது. இலங்கையிலேயே உயரமான நீர்வீழ்ச்சி பம்பரகந்தைதான், 263 மீற்றர். தண்ணீர் அப்படி விழுகிற மலையில் வண்டி எப்படி இறங்கும் என்று நீங்களே யோசித்துப் பாருங்கள்.

பதுளையில் ஃபோர் வீல் வண்டிகளைத் திருத்துவது என் தொழில். ஆகவே வண்டியிலிருந்தே தொடங்குகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். லேண்ட் ரோவர் வந்தது 1948இல். உலக யுத்தம் முடிந்து இரும்புக்குத் தட்டுப்பாடு இருந்த நேரம் என்பதால் அதன் உடம்பை அலுமினியத்தில் செய்தார்கள். எங்கள் தோட்டங்களுக்கு அது வரப்பிரசாதம். மாதக்கணக்கில் பனியிலும் மழையிலும் நின்றாலும் உடம்பு துருப்பிடிக்காது. துரு பெரும்பாலும் பிடிப்பது அடியில் இருக்கும் சேசிஸில்தான். பழைய வண்டி வாங்கப் போகிறீர்களா? பெயின்ட் பளபளப்பைப் பார்த்து மயங்காதீர்கள். கீழே படுத்து, சின்னச் சுத்தியலால் சேசிஸைத் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல இரும்பு கணீரென்று பேசும். சத்தம் மந்தமாக வருகிற இடத்தில் உள்ளே தகடு செத்துப்போயிருக்கும்.

இனி பாதைக்கு வருவோம். தேயிலைக்கு முன்னே இங்கே கோப்பி. அந்தக் கோப்பிக் காலத்துக்கும் முந்தி இங்கே பாதை என்றால் அடிச்சுவடுதான். பதுளையில் அதிகாரியாக இருந்த மேஜர் ரோஜர்ஸ் என்ற வெள்ளைக்காரரைப் பற்றி, ஆயிரத்துக்கும் மேற்பட்ட யானைகளைச் சுட்டவர் என்றும், 1845இல் ஹப்புத்தளையில் இடி விழுந்து செத்தவர் என்றும் எல்லோரும் சொல்வார்கள். ஊவாவில் வீதி போடுவித்தவர் என்பதும் அவர் கதையில் உண்டு. ஆனால் மலைக்கு மலை, தோட்டத்துக்குத் தோட்டம் கல் சுமந்து பாதை போட்ட கைகள் தமிழ்நாட்டிலிருந்து கடல் கடந்து, கால்நடையாக மலையேறி வந்த நம் முன்னோருடையவை. அவர்கள் பெயர் எந்த மைல்கல்லிலும் இல்லை.

பழைய தோட்டப் பாதையில் கல் பெயர்ந்த இடம் ஒன்றில் இறங்கிக் குனிந்து பாருங்கள். கல்லைத் தட்டையாகப் படுக்கவைத்திருக்க மாட்டார்கள். நெட்டுக்குத்தாக நட்டு, சந்துகளில் சிறுகல்லை இறுக்கி அடித்திருப்பார்கள். மலைப்பக்கம் ஒரு கான் ஓடும். மழைத்தண்ணீர் கானில் விழுந்து, மதகுக்கு அடியால் கடந்து, பள்ளத்துப் பக்கம் இறங்கிவிடும். பாதைமேல் தண்ணீர் ஓடாது. அதுதான் அந்தப் பாதையின் உயிர். சக்கரத்தைச் சுழலவிட்டு நீங்கள் ஒரு கல்லைக் கிளப்பினால், அந்தக் குழியில் தண்ணீர் இறங்கும். அடுத்த மழையில் பக்கத்துக் கல் போகும். கான் உடைந்தால் அந்த முடக்கே போய்விடும். அப்புறம் கொழுந்து லொறி வராது. பிரசவ வலியோடு இருக்கிற பெண்ணை லயத்திலிருந்து தூக்கிக்கொண்டுதான் வர வேண்டும். நமக்கு அது ஞாயிற்றுக்கிழமைப் பயணம். அங்கே இருக்கிறவர்களுக்கு அதுதான் ஆஸ்பத்திரிக்கும் பள்ளிக்கூடத்துக்கும் ஒரே வழி.

எனக்குப் பாதை பார்க்கச் சொல்லித் தந்தவர் பசறைப் பக்கத்துத் தோட்டமொன்றில் லொறி ஓட்டிய ஒரு பெரியவர். ஏற்றத்துக்கு முன்னால் வண்டியை நிறுத்தி, இறங்கி நடந்து போவார். எங்கே டயர் வைப்பது என்று கல்லைப் பார்த்துக்கொண்டே போவார். திரும்பி வரும்போது மதகில் நின்று தண்ணீரைப் பார்ப்பார். “தம்பி, மழை இல்லாத நாளில ஊத்துத் தண்ணி கலங்கி வந்தா, மேல மண்ணு அசையுதுன்னு அர்த்தம். வண்டியத் திருப்பு” என்பார். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனமும் மண்சரிவுக்கு இதே அறிகுறிகளைத்தான் சொல்கிறது: திடீரென்று கலங்கும் ஊற்று, புதிதாகத் தோன்றும் ஊற்று, நிலத்தில் வெடிப்பு, சாயும் மரம். கொஸ்லந்தை மீரியபெத்தையில் 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை லயங்கள் மண்ணுக்குள் போனதை நாம் யாரும் மறக்கவில்லையே, நேயர்களே. அந்த நிறுவனம் உங்கள் பிரதேசத்துக்கு எச்சரிக்கை விடுத்திருந்தால், வண்டிச் சாவியை ஆணியில் மாட்டிவிடுங்கள்.

எப்போது போவது? கச்சான் காற்று அடிக்கும் ஜூலை முதல் செப்டம்பர் வரை நல்லது. ஹட்டன், நுவரெலியாப் பக்கம் மழை கொட்டும் அந்த நாட்களில் இங்கே மண் காய்ந்திருக்கும். ஊவாத் தேயிலைக்கு மணம் ஏறுவதும் அந்தக் காற்றில்தான். ஒக்டோபரிலிருந்து ஜனவரி வரை நம் பக்கத்து மழைக்காலம். அப்போது வேண்டாம்.

ஓட்டும் முறையைச் சுருக்கமாகச் சொல்கிறேன், கடிகாரம் என்னைத் துரத்துகிறது. இறக்கத்துக்கு முன்பே லோ ரேஷியோவில், முதல் கியரில் போட்டுக்கொள்ளுங்கள். வண்டியை எஞ்சின் பிடித்துக்கொள்ளும். பிரேக்கையே மிதித்துக்கொண்டு வந்தால் அது சூடேறிப் பிடிக்காமல் போகும். முடக்கில் ஹோர்ன் அடியுங்கள். ஏறி வருகிற வண்டிக்கு, அதுவும் கொழுந்து ஏற்றிய லொறிக்கு, முதலில் வழி விடுங்கள். தோட்டத்துப் பாதையில் இறங்குவதற்கு முன் தோட்ட அலுவலகத்தில் கேளுங்கள். ஓஹியாவுக்கு மேலே இருக்கும் ஹோர்ட்டன் சமவெளி 1988 முதல் தேசிய பூங்கா. அங்கே போட்ட பாதையை விட்டு வண்டியை இறக்கவே கூடாது.

மடுல்சீமை, நமுனுகுலை, தம்பேத்தன்னையிலிருந்து லிப்டன் சீட்டுக்கு ஏறும் பாதை எல்லாவற்றையும் சொல்ல நினைத்தேன், நேரம் விடவில்லை. வருகிற கச்சான் காலத்தில் நீங்கள் ஓஹியாவிலிருந்து இறங்கினால், வழியில் ஒரு மதகிலாவது வண்டியை நிறுத்திப் பாருங்கள். கானில் சருகும் மண்ணும் அடைத்திருந்தால் மண்வெட்டியை எடுத்து வழித்துவிட்டு வாருங்கள். உங்கள் வண்டிக்குப் பின்னால் கொழுந்து லொறி தடையில்லாமல் வந்து சேரட்டும்.