பந்து போடுகிறவர் மட்டை பிடிக்க வேண்டுமா?

(முன்னாள் மாணவர் கூடலில் ஆற்றிய உரை)



"அமெரிக்க அனுபவம்" என்று எனக்குத் தலைப்புக் கொடுத்தார்கள். அதை எல்லோரும் பேசி முடித்துவிட்டார்கள். நான் செயின்ட் லூயிஸ் நகரத்தில் வேலை பார்த்தபோது, பக்கத்து மேஜைப் பெரியவர் ஒருவரோடு வருஷக்கணக்கில் போட்ட சண்டையைச் சொல்கிறேன். சண்டை பேஸ்பால் பற்றி.

நம்ம கிரிக்கெட்டில் பதினோராவது ஆளாக வருகிற பந்துவீச்சாளரை உங்களுக்குத் தெரியும். டிபார்ட்மென்ட் டீமில் அது நான்தான். பேஸ்பாலில் ஒன்பது பேர். வரிசை சுற்றிச் சுற்றி வரும், அதனால் பிட்சர், அதாவது பந்து போடுகிறவர், திரும்பத் திரும்ப மட்டையோடு வந்து நிற்பார். பெரும்பாலும் சும்மா திரும்பிப் போவார். 2021-ல் பிட்சர்களின் பேட்டிங் சராசரி ஆயிரத்துக்குச் சுமார் 110. எல்லோரையும் சேர்த்தால் 244. எனவே பிட்சருக்குப் பதிலாக அடிப்பதற்கென்றே ஒருவர். ஃபீல்டிங்குக்கு அவர் இறங்க மாட்டார். இவர்தான் டெசிக்னேட்டட் ஹிட்டர், சுருக்கமாக டி.எச்.

இந்த விதி வந்த கதை சுவாரசியமானது. 1968-ல் பிட்சர்களின் கை அநியாயத்துக்கு ஓங்கிவிட்டது. பந்து போடும் மேட்டின் உயரத்தை அடுத்த வருஷம் 15 அங்குலத்திலிருந்து 10 ஆகக் குறைத்தார்கள். அப்படியும் 1972-ல் அமெரிக்கன் லீகின் சராசரி 239-தான். ஆகவே 1973-ல் மூன்று வருஷச் சோதனை என்று சொல்லி டி.எச். கொண்டுவந்தார்கள். (தற்காலிகம் என்று ஆரம்பித்தவை நிரந்தரமாவது நம்ம ஊர் வழக்கம் மட்டுமில்லை.) ஏப்ரல் 6-ம் தேதி பாஸ்டனில் யாங்கீஸ் அணியின் ரான் ப்ளூம்பெர்க் முதல் டி.எச்.சாக வந்தார். மூன்று பேஸிலும் ஆள். எதிரணி பிட்சர் நாலு பந்தை வெளியே போட, இவர் மட்டையில் பந்து படாமலே நடந்து போய் ஒரு ரன் வாங்கிக் கொடுத்தார். சரித்திரம் அப்படித்தான் தொடங்கியது. அந்த வருஷச் சராசரி 259-க்கு ஏறிவிட்டது. நேஷனல் லீக் மட்டும் மாட்டேன் என்றது. 2020-ன் குறுகிய சீசனைத் தவிர்த்தால், 2021 வரைக்கும் ஒரே விளையாட்டுக்கு இரண்டு சட்டம்!

செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ் நேஷனல் லீக் அணி. பெரியவர் பரம்பரை ரசிகர். எனக்கோ டி.எச். சரியாகப் பட்டது. எஞ்சினியர் மூளை, வேறென்ன? வேலை தெரியாதவரிடம் ஏன் வேலையைக் கொடுக்க வேண்டும்? 2015 ஏப்ரலில் கார்டினல்ஸின் முதல் பிட்சர் ஆடம் வெயின்ரைட், மட்டையால் அடித்துவிட்டு ஓடக் கிளம்பியபோது குதிகால் நரம்பு அறுந்து மாதக்கணக்கில் படுத்துவிட்டார். "பார்த்தீர்களா?" என்றேன். பெரியவர் சொன்னார்: "அதே வெயின்ரைட் 2006-ல் தனக்கு வந்த முதல் பந்தையே ஹோம் ரன் அடித்தான். அதை நீ பார்க்கவில்லையே."

அப்புறம் ஒருநாள் என்னை புஷ் ஸ்டேடியத்துக்குக் கூட்டிப்போனார். ஏழாவது இன்னிங்ஸ். நாங்கள் ஒரு ரன் பின்னால். இரண்டு பேர் பேஸில். அடிக்க வேண்டிய முறை பிட்சருக்கு. அதுவரை பிரமாதமாகப் பந்து போட்டவர். அவரையே அடிக்க விட்டால் வாய்ப்பு வீண். பெஞ்சிலிருந்து வேறொருவரை இறக்கினால், வெளியே போன பிட்சர் திரும்பி வர முடியாது. ஸ்டேடியமே மனசுக்குள் கணக்குப் போடுகிறது. எனக்குப் பின்னால் ஒரு சின்னப் பையன் அப்பாவோடு இதைத்தான் வாதாடிக்கொண்டிருந்தான். மேனேஜர் பிட்சரை எடுத்தார். வந்தவர் அடிக்கவில்லை, அடுத்த பிட்சர் மூன்று ரன் கொடுத்தார். தோற்றோம். ஆனால் அந்த இரண்டு நிமிஷம் இருக்கிறதே, அது டி.எச். உள்ள மேட்சில் கிடைக்காது.

2022-ல் இரண்டு லீகிலும் டி.எச். வந்தது. பெரியவர் ஒரு வாரம் என்னோடு சரியாகப் பேசவில்லை. நான் ஜெயித்தேனா? ஆமாம் என்றுதான் 2024 சொல்லும். முழங்கை ஆபரேஷனால் பந்து போட முடியாத ஷோஹெய் ஓட்டானி, டி.எச்.சாக மட்டும் ஆடி 54 ஹோம் ரன் அடித்து, 59 பேஸ் திருடி, லீகின் சிறந்த ஆட்டக்காரர் ஆனார். இந்த விதி இல்லையென்றால் அந்த வருஷம் ஏது? ஜப்பானின் சென்ட்ரல் லீக்கும் 2027 முதல் டி.எச். என்று 2025-ல் முடிவெடுத்துவிட்டது.

அதனால் விதியை எடுக்கச் சொல்ல மாட்டேன். ஒரு முடிச்சுப் போடச் சொல்வேன். முதலில் இறங்கிய பிட்சரை எடுத்தால் டி.எச்.சும் சேர்ந்தே வெளியே போக வேண்டும். அட்லாண்டிக் லீகில் 2021-ல் சோதித்துப் பார்த்த யோசனைதான் இது. பிட்சருக்கு அடிபடாது, நல்ல பிட்சரைச் சீக்கிரம் எடுக்க மேனேஜர் தயங்குவார், ஏழாவது இன்னிங்ஸ் தலைவலியும் திரும்பி வரும். ஐ.பி.எல்.லில் 2023-ல் வந்த இம்பாக்ட் பிளேயர் விதிக்கும் இப்படி ஏதாவது ஒரு விலை வைக்கலாம். ஆல்ரவுண்டர்கள் வளர மாட்டார்கள் என்று ரோகித் சர்மாவே 2024-ல் குறைப்பட்டுக்கொண்டார். இங்கே இருக்கிற தம்பிகளுக்கு அது தூரத்து விஷயமில்லை.

இந்த யோசனையைப் பெரியவரிடம் போனில் சொன்னேன். "அப்போதும் பிட்சர் மட்டை பிடிக்க மாட்டான், அப்படித்தானே?" என்றார். ஆமாம் என்றேன். "நீ காலேஜில் பதினோராவது ஆள் என்று சொன்னாயே. உன் மட்டையைக் கொடுத்துவிடு என்று கேட்டிருந்தால் கொடுத்திருப்பாயா?"

எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. நாளைக் காலையில் நம் மைதானத்தில் பழைய மாணவர்களுக்கும் இப்போதைய மாணவர்களுக்கும் மேட்ச். பதினோராவது ஆளாக என் பெயரை எழுதியிருக்கிறார்கள். மாற்றச் சொல்லவில்லை.