பூனை ஏன் புல் தின்கிறது?

(உழவர் பயிற்சி வகுப்பில் ஆற்றிய உரை)



'புலி பசித்தாலும் புல்லைத் தின்னாது' என்று சொல்வது நம் வழக்கம். மானத்தைப் பற்றிய வரையில் அது நல்ல பழமொழிதான். ஆனால், புலியின் எச்சத்தைச் சோதித்தவர்கள் அதில் புல்லைக் கண்டிருக்கிறார்கள். புலியின் இனத்தைச் சேர்ந்த நம் வீட்டுப் பூனையும் வரப்பிலும் கொல்லையிலும் அருகம்புல்லைக் கடித்துத் தின்பதைப் பார்த்திருப்பீர்கள். குதிரில் உள்ள நெல்லை எலியிடமிருந்து காக்கும் பிராணி அது. ஆகவே, இப்பழக்கத்தின் காரணத்தை அறிந்துகொள்வது நமக்குப் பயன் தரும்.

பசிக்காகப் பூனை புல் தின்பதில்லை. மாட்டின் பெருவயிற்றில் உள்ள நுண்ணுயிர்கள் புல்லின் நார்ப்பொருளைச் செரிக்கச் செய்கின்றன. பூனைக்கு அந்த அமைப்பு இல்லை. அதன் கடைவாய்ப் பற்கள் இறைச்சியை நறுக்க ஏற்றவையே தவிர, புல்லை அரைக்க ஏற்றவை அல்ல. தின்ற புல் பெரும்பாலும் அப்படியே வெளியேறிவிடுகிறது.

அப்படியானால், வயிறு கெட்டால் வாந்தி எடுப்பதற்காகத் தின்கிறதா? 2019-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் கலிபோர்னியாப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், பூனை வளர்ப்போர் ஆயிரம் பேருக்கு மேற்பட்டவர்களிடம் விசாரித்தனர். 100-க்கு 71 பூனைகள் குறைந்தது 6 தடவையாவது புல்லோ செடியோ தின்றது தெரியவந்தது. அவற்றில் மிகப் பெரும்பாலானவை தின்பதற்கு முன் நோய்க்குறி எதையும் காட்டவில்லை. தின்ற பின் அடிக்கடி வாந்தி எடுத்தவை ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கே.

காட்டில் வாழ்ந்த மூதாதையிடமிருந்து வந்த பழக்கம் இது என்பது அவர்கள் கருத்து. நார் குடலைத் தூண்டி, குடற்புழுக்களை வெளியே தள்ள உதவியிருக்கலாம் என்கிறார்கள். ஆப்பிரிக்கச் சிம்பன்சிக் குரங்குகள் சொரசொரப்பான இலைகளை மெல்லாமல் விழுங்குவதும், அவற்றோடு புழுக்கள் வெளியேறுவதும் கண்டறியப்பட்டுள்ளன. வயலில் எலி பிடிக்கும் பூனைக்குப் புழுத்தொல்லை வருவது எளிது. ஆயினும், புல்லை மட்டும் நம்பியிராமல், கால்நடை மருத்துவரிடம் கேட்டுப் புழு நீக்க மருந்து கொடுங்கள்.

குப்பைமேனியின் கதை வேறு. அதன் வேரைப் பிடுங்கிப் போட்டால் பூனை மயங்கிப் புரளும். அதனால்தான் அதற்குப் பூனைவணங்கி என்ற பெயரும் உண்டு.

புல் தின்பதில் தீங்கு இல்லை. தீங்கு புல்லின் மேல் உள்ள மருந்தில் இருக்கிறது. களைக்கொல்லியோ பூச்சி மருந்தோ தெளித்த வரப்பில் பூனையை விடாதீர்கள். புல்லைத் தின்னாவிட்டாலும், உடம்பில் ஒட்டிய மருந்தை நக்கியே அது விழுங்கிவிடும். உடைந்த பானையில் மண் நிரப்பி, மருந்து கலக்காத கம்பு அல்லது கேழ்வரகு விதையை ஒரு பிடி தூவி வையுங்கள். சில நாட்களில் நல்ல புல் கிடைக்கும். சோளம் வேண்டாம். இளம் சோளப் பயிரில் நஞ்சு உண்டு என்பதை மாடு வளர்க்கும் நீங்கள் அறிவீர்கள்.

எலி மருந்து வைக்கும்போது இன்னும் கவனம் தேவை. சிங்க் பாஸ்பைடு, புரோமோடையலோன் ஆகிய எதைத் தின்ற எலியானாலும், அதைத் தின்னும் பூனைக்கும் ஆபத்து. மருந்து வைத்த நாட்களில் பூனையை வீட்டில் கட்டுப்படுத்துங்கள். செத்த எலிகளைத் தினமும் காலையில் தேடி எடுத்து ஆழமாகப் புதையுங்கள். வெறுங்கையால் தொடாதீர்கள்.

பூனை ஒருமுறை வாந்தி எடுத்து, அதில் புல் இருந்து, பிறகு வழக்கம்போல் திரிந்தால் கவலை இல்லை. மீண்டும் மீண்டும் வாந்தி, வாயில் நீர் ஒழுகுதல், நடுக்கம், தள்ளாட்டம், இரத்தக் கசிவு ஆகியவை கண்டால், 'புல்தானே தின்றது' என்று இருந்துவிடாமல், மருந்துப் பொட்டலத்தையும் கையில் எடுத்துக்கொண்டு உடனே கால்நடை மருத்துவமனைக்குச் செல்லுங்கள். என்ன மருந்து என்று தெரிந்தால்தான் மருத்துவரால் தக்க சிகிச்சை செய்ய முடியும்.

எலியைக் கொல்ல வைத்த மருந்து, எலி பிடிக்கும் பூனையையே கொன்றால், அடுத்த அறுவடையில் இழப்பு நமக்குத்தான்.