எந்தக் குழல் நமக்கு ஏற்றது?



சென்ற மாதம் நண்பர் ஒருவர் தம் பத்து வயது மகளை என் இல்லத்திற்கு அழைத்து வந்தார். தில்லியிலேயே பிறந்து வளர்ந்த பெண். கையில் பளபளப்பான புதுக் குழல் ஒன்று. நீளமோ அவள் கைக்குச் சற்றும் பொருந்தாதது. “எனக்குக் குழல் வராது மாமா” என்றாள். கண்களில் நீர் துளித்திருந்தது. குழலை வாங்கிப் பார்த்தேன். விரல் துளைகள் ஆறே இருந்தன. குற்றம் பெண்ணினுடையதன்று, குழலினுடையதுமன்று. தேர்ந்தெடுத்ததில் நேர்ந்த பிழை அது.

அயல் மாநிலங்களில் வாழும் நம்மவர்க்கு இப்பிழை எளிதில் நேர்ந்து விடும். வடநாட்டுக் கடைகளில் பெரும்பாலும் கிடைப்பது இந்துஸ்தானிக் குழல். அதில் விரல் துளைகள் ஆறு அல்லது ஏழு. கர்நாடக இசைக் குழலிலோ எட்டு. அதில் முதல் இரண்டு துளைகளை மூடினால் ஸட்ஜம் பிறக்கும். இந்துஸ்தானிக் குழலில் மூன்று துளைகளை மூடவேண்டும். ஆசிரியர் ஒரு கணக்கில் கற்பிக்க, குழல் வேறொரு கணக்கில் ஒலித்தால் குழந்தை என்ன செய்யும்?

ஒன்று உயர்ந்தது, மற்றொன்று தாழ்ந்தது என்று கூற வரவில்லை. பன்னாலால் கோஷ் (1911–1960) ஏறத்தாழ 32 அங்குல நீளமுள்ள மூங்கிற் குழலை இந்துஸ்தானி மேடையில் ஏற்றி, அதற்கு ஒரு பெரும் மதிப்பைத் தேடித் தந்தார். நம் என். ரமணி (1934–2015) நீண்ட குழலின் கம்பீரத்தைக் கர்நாடக இசைக்கும் கொணர்ந்தார். ஆயினும் கற்கும் முறை எதுவோ, அதற்குரிய குழலையே முதலில் வாங்கவேண்டும்.

அடுத்து, அளவு. கட்டை ஏற ஏறக் குழல் குறுகும். இறங்க இறங்க நீளும், துளைகளும் விலகும். சிறுவர்க்கு நாலரை அல்லது ஐந்து கட்டைக் குழல் பொருந்தும். துளைகளின் மேல் விரல்கள் இழுபடாமல் இயல்பாகப் படியவேண்டும். விரலோரத்தில் காற்றுக் கசியுமாயின், எவ்வளவு இனிய குழலாயினும் அது அந்தக் கைக்கு உரியதன்று.

கடையில் சோதிக்கும் வழி எளியது. சுருதிப் பெட்டியை ஒலிக்க விட்டு ஆதார ஸட்ஜத்தை வாசியுங்கள். பின்னர் மேல் ஸட்ஜம். அதன் பின்னர் துளைகளை மூடிக் கீழ்ப் பஞ்சமம். மூன்றும் சுருதியோடு இழையவேண்டும். இவை தம்முள் முரண்படின், அது குழலைச் செய்ததில் உள்ள குறை. சாதகத்தால் அதனை நேராக்க இயலாது. மெல்ல ஊதினாலும் நாதம் எழுகிறதா என்று பாருங்கள். வெளிச்சத்தில் பிடித்து, மயிரிழை போன்ற விரிசல் உண்டா என்றும் நோக்குங்கள்.

இனி, ‘ஆடிஷன்’ என்று நாம் வழங்கும் வானொலித் தேர்வுக்கு வருவோம். இங்கே என் கதை ஒன்றைச் சொல்லத்தான் வேண்டும். பல்லாண்டுகளுக்கு முன் நான் தேர்வுக்குச் சென்றபோது, ஆழ்ந்த நாதத்தில் மயங்கி, ஒன்றரைக் கட்டை நீண்ட குழல் ஒன்றைப் புதிதாக வாங்கினேன். பழகியதோ ஒரே மாதம். ஆலாபனை நன்றாகத்தான் அமைந்தது. கற்பனை ஸ்வரம் இரண்டாம் காலத்திற்கு வந்ததும் விரல்கள் தடுமாறின. மூச்சோ ஆவர்த்தனம் முடியுமுன் முடிந்தது. அருகிலிருந்த ஒலிவாங்கி என் காற்றின் இரைச்சலையும் விடாமல் பதிந்துகொண்டது. பக்கவாத்தியக்காரருக்கும் தொல்லை: அந்தச் சுருதிக்கு ஏற்ற தக்கு மிருதங்கம் அவ்வூரில் எளிதில் கிடைக்கவில்லை. நான் தேர்வு பெறவில்லை. மறுமுறை, நூல் சுற்றிய என் பழைய குழலையே எடுத்துச் சென்றேன். தேர்வு பெற்றேன்.

தேர்வாளர் கேட்பது குழலின் அழகையன்று. சுருதி சுத்தத்தையும், லயத்தையும், ராக பாவத்தையுமே. ஆகையால் தேர்வுக்கு உரியது, உங்கள் விரலும் மூச்சும் கண்ணை மூடிக்கொண்டு அறியும் குழல். தனிமையில் மகிழ்வதற்கோ மனம் விரும்பும் எதனையும் வைத்துக்கொள்ளலாம். அங்கே மூச்சுத் தீர்ந்தால் நின்று, மறுபடி தொடங்கலாம். மதிப்பெண் இடுவார் எவருமில்லை.

இறுதியாக, தட்பவெப்பம். மூங்கிலிற் செய்வதே சிறந்தது என்றும், வெட்டிய மரத்தை நிழலில் ஓராண்டு ஆறவிட்டு, திருகலும் பிளவும் இல்லாமை அறிந்த பின்னரே குழல் செய்யவேண்டும் என்றும் சிலப்பதிகார உரையாசிரியர் அடியார்க்கு நல்லார் கூறுகிறார். அது இன்றும் பொருந்தும். காவிரிக் கரையில் நன்றாயிருந்த குழல், தில்லியின் வறண்ட காற்றில் வெடிக்கக்கூடும். நூலால் ஆங்காங்கே இறுகக் கட்டுங்கள். எண்ணெய் இலேசாகப் பூசுங்கள். குளிர்காலத்தில் தேங்காயெண்ணெய் உறைந்துவிடுமாதலால் நல்லெண்ணெய் நலம். கணப்பின் அருகே மட்டும் வைக்காதீர்கள். குளிர்ந்த காற்றில் சுருதி இறங்கும். உள்ளிருக்கும் காற்றில் 30 பாகை செல்சியஸ் வேறுபாடு இருந்தால், ஏறத்தாழ அரைக் கட்டை வேறுபடும். ஆதலால் தேர்வு அறைக்குள் நுழையுமுன், சிறிது நேரம் ஊதிக் குழலை வெதுவெதுப்பாக்கிக் கொள்ளுங்கள்.

அந்தப் பெண்ணின் செய்தியைச் சொல்லாமல் விடலாமா? சென்னையிலிருந்து வந்த உறவினர் மூலம் ஐந்து கட்டைக் குழல் ஒன்று தருவித்தோம். மறு வாரமே ஸரளி வரிசையைத் தொலைபேசியில் எனக்கு வாசித்துக் காட்டினாள். அந்த நீண்ட குழலைத் திருப்பிக் கொடுக்கவேண்டாம் என்று நண்பரிடம் கூறியிருக்கிறேன். அவள் கை வளரும். அதற்குள் அதனை வாசிக்கும் ஆசையும் வளர்ந்திருக்கும்.