தண்ணீர் எரியாது, தோழர்களே!

(தில்லியில் நம் சங்கத்தின் மாதக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

“இனி ரயில் தண்ணீரில் ஓடப் போகிறதாமே?” என்று பலரும் கேட்கிறார்கள். கேட்பதில் தவறில்லை. நமக்குப் பக்கத்தில், அரியானாவில் ஜிந்த்–சோனிபட் பாதைக்கென்று ஹைட்ரஜன் ரயில் திட்டம் போட்டார்கள். 2025 ஜூலையில் நம் பெரம்பூர் ஐ.சி.எஃப்.பில் அதன் இயக்கப் பெட்டியைச் சோதித்துப் பார்த்தார்கள். நமக்குப் பெருமைதான். ஆனால் அது தண்ணீரில் ஓடும் ரயில் அல்ல.

விறகு எரிந்தால் சாம்பல் மிஞ்சும். ஹைட்ரஜன் எரிந்தால் தண்ணீர் மிஞ்சும். தண்ணீர் என்பது ஹைட்ரஜன் எரிந்து முடிந்த சாம்பல்! சாம்பலை அடுப்பில் போட்டால் சோறு வேகுமா? அதை மறுபடி விறகாக்க வேண்டுமானால், வெளியே போன சக்தியைத் திருப்பிக் கொடுத்தாக வேண்டும். 1800-இல் இங்கிலாந்தில் நிக்கல்சனும் கார்லைலும் தண்ணீருக்குள் மின்சாரம் செலுத்தி, ஹைட்ரஜனையும் பிராணவாயுவையும் பிரித்தார்கள். இன்றும் அடிப்படை அதுதான். தண்ணீரில் கார் ஓட்டுவதாகச் சொல்லிப் பணம் திரட்டிய அமெரிக்கர் ஸ்டான்லி மேயர் செய்தது மோசடி என்று 1996-இல் ஒஹாயோ நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இங்கும் அப்படி யாராவது வந்தால் ஏமாறாதீர்கள்.

நான் குமாஸ்தா, கணக்குப் போட்டே பேசுகிறேன். ஒரு கிலோ ஹைட்ரஜனுக்கு 9 லிட்டர் தண்ணீரும், 50 யூனிட்டுக்கு மேல் மின்சாரமும் வேண்டும். அந்த ஒரு கிலோவில் அடங்கியிருப்பது 33 யூனிட் சக்தி. அதை அழுத்தி உருளையில் அடைத்து, வண்டியில் மறுபடி மின்சாரமாக்கினால் சக்கரத்துக்கு வருவது சுமார் 15 யூனிட். போட்டது 50, வந்தது 15! தலைக்கு மேல் மின்கம்பி உள்ள பாதையிலோ, போட்டதில் பெரும்பகுதி நேரே சக்கரத்துக்குப் போய்விடும்.

அப்படியானால் ஹைட்ரஜன் வேண்டாமா? வேண்டும். உரம் செய்ய வேண்டும். எண்ணெய் சுத்திகரிக்க வேண்டும். நிலக்கரியில்லாமல் இரும்பு எடுக்கவும் வேண்டும். இன்று நாட்டில் பெரும்பாலும் இயற்கை வாயுவிலிருந்தே அதை எடுக்கிறோம். கரியமில வாயு வானத்துக்குப் போகிறது. வெயிலிலும் காற்றிலும் கிடைக்கும் மின்சாரத்தால் எடுத்தால் அந்தக் கேடு இல்லை. அதற்காகத்தான் மத்திய அரசு 2023 ஜனவரியில் 19,744 கோடி ரூபாய்த் திட்டத்துக்கு ஒப்புதல் தந்தது. 2030-க்குள் ஆண்டுக்கு 50 லட்சம் டன் என்பது இலக்கு. பெருக்கிப் பாருங்கள்: குறைந்தது 25,000 கோடி யூனிட் மின்சாரம், 4,500 கோடி லிட்டர் சுத்த நீர்.

இது நமக்குப் புதிதல்ல. 1960-களின் தொடக்கத்தில் பஞ்சாபில் நங்கல் உர ஆலை, பக்ரா அணை மின்சாரத்தால் தண்ணீரைப் பிரித்து உரம் செய்தது. ஆசியாவே பார்த்த ஆலை! ஆனால் அதே மின்சாரத்தை வயலும் ஊரும் கேட்டன. 1978-இல் வந்த விரிவாக்கம் எரி எண்ணெயை நம்பியே கட்டப்பட்டது. விஞ்ஞானம் தோற்கவில்லை, மின்சாரம்தான் போதவில்லை.

ஆகவே நாம் கேட்க வேண்டிய கேள்விகள் மூன்று.

முதலாவது, யாருடைய மின்சாரம்? நிலக்கரி மின்சாரத்தில் ஹைட்ரஜன் எடுத்தால், புகை ரயிலை விட்டு அனல் நிலையத்துக்கு இடம் மாறுகிறது, அவ்வளவே.

இரண்டாவது, யாருடைய தண்ணீர்? காண்ட்லா, பாரதீப் துறைமுகங்களோடு நம் தூத்துக்குடியும் ஹைட்ரஜன் மையமாகத் தேர்வாகியிருக்கிறது. கடல்நீரைச் சுத்தம் செய்து எடுத்தால் வரவேற்போம். தாமிரபரணித் தண்ணீருக்கோ ஏற்கெனவே வயலும் ஊரும் ஆலையும் போட்டி போடுகின்றன. அந்த வரிசையில் இன்னொரு குடமா?

மூன்றாவது, யாருடைய உயிர்? ஹைட்ரஜனுக்கு நிறமில்லை, மணமில்லை. பகல் வெளிச்சத்தில் அதன் சுடர்கூடக் கண்ணுக்குத் தெரியாது. காற்றில் நூற்றுக்கு 4 பங்கு கலந்தாலே தீப்பற்றும். ஒப்பந்தக் கூலியிடம் ஸ்பானரைக் கொடுத்து அனுப்பும் வேலையல்ல இது. கசிவு காட்டும் கருவி, முறையான பயிற்சி, நிரந்தர வேலை — இம்மூன்றும் இல்லாமல் எந்த ஷெட்டிலும் உருளை இறங்கக் கூடாது!

புதிய எரிபொருளை நாம் எதிர்க்கவில்லை. அதன் கணக்கை நம்மிடம் காட்டு என்கிறோம். தண்ணீரும் மின்சாரமும் மக்கள் சொத்து. கணக்குக் கேட்பது நம் உரிமை.