சுவரில் பூஞ்சணம், பிள்ளையின் நெஞ்சில் இழுப்பு

(கிளிநொச்சியில் நடந்த அங்கத்தவர் குடும்பக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



1977 கலவரத்துக்குப் பின் தோட்டங்களை விட்டு வன்னிக்கு வந்த உறவுகள் முன்னால் நிற்கிறோம். லயத்தை விட்டு வந்தாலும் ஈரம் நம்மை விடவில்லை. அங்கே ஒழுகும் தகரம். இங்கே மார்கழி மழையில் ஊறும் சுவர். ஆடைத் தொழிற்சாலைக்குப் போகும் நம் பிள்ளைகளின் வாடகை அறைகளிலும் அதே கறுப்புப் புள்ளிகள்தான்.

நாங்கள் படிப்பிக்கும் தோட்டப் பாடசாலையில், மழைக்காலத்து வரவு இடாப்பைப் பார்த்தே எந்த லயம் ஒழுகுகிறது என்று சொல்லிவிடலாம். இழுப்பு வந்த பிள்ளைகள் அந்த லயத்துப் பிள்ளைகள்தான். போய்க் கேட்டோம். “காம்பராவுக்குள்ள அடுப்பெரிக்கிறீங்க, ஈரத்துணி காயப் போடுறீங்க” என்றார்கள். பழி நம் தலையில்.

இதே பழியை இங்கிலாந்திலும் போட்டார்கள். ரொச்டேல் நகரில் சூடானிலிருந்து வந்த ஒரு குடும்பம் வீடமைப்புச் சங்கமொன்றின் வீட்டில் வாடகைக்கு இருந்தது. 2017இல் தகப்பன் பூஞ்சணம் பற்றி முறையிட்டார். பெயின்ற் அடிக்கச் சொன்னார்கள். அடித்தார், திரும்பவும் வந்தது. 2020இல் சட்டத்தரணியிடம் போய்ச் சங்கத்துக்கு எதிராகக் கோரிக்கை வைத்தார். அந்தக் கோரிக்கையில் இணக்கம் வரும்வரை திருத்த வேலை செய்வதில்லை என்பது அந்தச் சங்கத்தின் நடைமுறை! அந்த ஆண்டு டிசம்பர் 21ஆம் திகதி மகன் அவாப் இஷாக் மூச்சுக் கோளாறால் இறந்தான். இரண்டு வயது முடிந்து எட்டே நாள்.

குடும்பத்தின் குளியலும் சமையலும்தான் காரணம் என்று சங்கம் நினைத்திருந்தது. பூஞ்சணமே பிள்ளையின் உயிரை எடுத்தது, வீட்டில் போதிய காற்றோட்டம் இல்லை என்று 2022 நவம்பரில் மரண விசாரணை சொன்னது. அடுத்த ஆண்டு அவன் பெயரால் அறியப்படும் சட்டம் வந்தது. 2025 அக்டோபர் 27 முதல் அங்கே சமூக வீடுகளில் உடனடி ஆபத்தென்றால் 24 மணித்தியாலத்துக்குள் நடவடிக்கை எடுக்க வேண்டும். கடுமையான ஈரமும் பூஞ்சணமும் என்றால் 10 வேலை நாளில் பரிசோதனை, அது முடிந்து 5 வேலை நாளில் ஆபத்தை நீக்க வேண்டும்.

நமக்குச் சட்டமே இல்லையா? லயங்களையும் சுற்றாடலையும் சுகாதாரமாக வைத்திருப்பது தோட்ட அதிகாரியின் கடமை என்று 1912ஆம் ஆண்டு மருத்துவத் தேவைகள் கட்டளைச் சட்டமே சொன்னது. சட்டம் எழுத்தில் இருந்தது. நம் முறைப்பாடு மட்டும் எழுத்தில் இருக்கவில்லை. துரையிடம் வாயால் சொன்னோம். வாயாலேயே பதில் வந்தது.

ஆகவே தோழர்களே, முறைப்பாட்டைத் திகதி போட்டு எழுதுங்கள். ஒரு பிரதி உங்கள் கையில் இருக்கட்டும். சுவரைப் போனில் படம் எடுங்கள். பிள்ளையின் கிளினிக் துண்டை வீசாதீர்கள். பொதுச் சுகாதாரப் பரிசோதகரை வந்து பார்க்கச் சொல்லிக் கடிதம் கொடுங்கள். வழக்குக்குப் பணமில்லை என்றால் சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது. சங்கமும் கூட வரும். வழக்குப் போட்டாலும் திருத்த வேலையைக் கேட்பதை ஒரு நாளும் நிறுத்தாதீர்கள். தீர்ப்பு வரும்வரை பிள்ளையின் நெஞ்சு காத்திருக்காது.

ஒரு பிள்ளையைப் புதைத்த பிறகுதான் அங்கே சட்டம் வந்தது. நாம் அதற்கு முன்பே எழுதத் தொடங்குவோம். இன்று கூட்டம் முடிந்ததும் இந்த மேசையில் கடதாசியும் பேனையும் இருக்கும். எழுதத் தெரியாத தாய்மாருக்கு நாங்கள் எழுதித் தருகிறோம்.