சடங்கு வைக்கிறோம், சொல்லித் தருகிறோமா?

(ஹல்துமுல்லையில் பெற்றோர் கூட்டமொன்றில் ஆற்றிய உரை)



இன்று நாம் எடுத்துக்கொண்ட பொருளைக் கேட்டு முகஞ் சுளித்தோர் உளர். "பாலியல் விஷயத்தையா பாடசாலையில் படிப்பிப்பது?" என்று வாசலிலேயே ஒரு பெரியவர் வினவினார். அவரிடம் நாமும் ஒன்று கேட்கிறோம். தோட்டத்தில் ஒரு பெண்பிள்ளை பெரியவளானால் என்ன செய்கிறோம்? பந்தலிடுகிறோம், அழைப்பிதழ் அச்சிடுகிறோம், மலை முழுதுங் கேட்க ஒலிபெருக்கி கட்டுகிறோம். ஊருக்கெல்லாம் அறிவித்த அச்செய்தியின் பொருளை அப்பிள்ளைக்கு மட்டும் எவரும் சொல்வதில்லை. தன் உடலில் நிகழ்ந்தது யாது, இனி விளையக்கூடியது யாது என்று அவள் யாரிடம் கேட்பாள்? தாய் காலையிலேயே கொழுந்தெடுக்க மலையேறிவிடுகிறாள். சில வீடுகளில் தாய் இருப்பது மத்திய கிழக்கில். பையனுக்கோ சடங்குமில்லை, சொல்லுமில்லை. கையிலுள்ள தொலைபேசியே அவனுக்கு உபாத்தியாயர்.

நீதிமன்றத்தில் நாம் கண்டதைச் சொல்கிறோம். பையனுக்குப் பதினெட்டு வயது, பெண்ணுக்குப் பதினைந்து. விஷயம் வெளிப்பட்டதும் இரு வீட்டாரும் கோயிலில் தாலி கட்டுவித்து, மானம் பிழைத்ததென்று ஆறுதலடைந்தனர். கருவுற்ற பிள்ளை ஆஸ்பத்திரிக்குப் போனாள். வயதைக் கேட்டார்கள்; பொலீசாருக்குத் தகவல் போயிற்று. மகன் கூண்டில் நின்றபோது தாய் நம்மிடம், "ஐயா, தாலி கட்டித்தானே வைச்சோம், இதுல என்னாங்க குத்தம்?" என்று அழுதாள்.

குற்றந்தான். 1995 வரை நமது தண்டனைச் சட்டக்கோவை 12 வயதையே எல்லையாகக் கொண்டிருந்தது. அவ்வாண்டின் 22ஆம் இலக்கச் சட்டம் அதனை 16 ஆக உயர்த்தியது. அவ்வயதுக்குட்பட்ட பெண்ணின் சம்மதம் சட்டத்தின்முன் செல்லாது. பொதுச் சட்டப்படியான விவாக வயதும் அதே ஆண்டில் 18 ஆயிற்று. இச்சட்டங்கள் நம் பிள்ளைகளுக்கு அரண். அவற்றைக் குறைகூற நாம் வரவில்லை. ஆனால் முப்பது ஆண்டுகள் கழிந்தும், லயத்துப் பிள்ளை அச்சட்டத்தை முதன்முதலாகக் கேட்பது குற்றவாளிக் கூண்டில் நின்றுதானா?

இன்னொரு கொடுமையும் உண்டு. தெரிந்தவனால் கெடுக்கப்பட்ட சிறுமி சாட்சிக் கூண்டேறுகிறாள். தன் உறுப்பின் பெயரை எவரும் அவளுக்குச் சொல்லித் தந்ததில்லை. "அங்கே" என்கிறாள். "எங்கே?" என்று எதிர்த்தரப்பு வழக்கறிஞர் மடக்குகிறார். நமது தொழிலின் இந்தச் சாமர்த்தியத்தை நினைத்து நாமே தலைகுனிந்த நாட்கள் உண்டு.

2019இல் ஏழாம் வகுப்புக்கென்று 'ஹதே அபே பொத' என்னும் நூலைக் கல்வி அமைச்சு வெளியிட்டது. பிக்குகள் சிலர் எதிர்த்தனர். அடுத்து வந்த அரசாங்கம் விநியோகத்தை நிறுத்திற்று. சிங்களப் பகுதியில் எழுந்த அந்தக் கூக்குரலும் இங்கே வாசலில் எழுந்த கேள்வியும் ஒன்றே என்பது வேடிக்கை! ஏனைய விஷயங்களில் இத்தகைய ஒற்றுமை ஏற்படக் காணோம். சுகாதாரப் பாடநூலில் இருக்கின்ற இனப்பெருக்க அத்தியாயத்தையும், "வீட்டில் வாசியுங்கள்" என்று தாண்டிச் செல்லும் ஆசிரியர் பலர். அவர்களைப் பழிக்கமாட்டோம். படிப்பித்தால் பெற்றோர் சண்டைக்கு வருவார்களே என்ற அச்சம் அவர்களுக்கு.

ஆகவே அந்த அச்சத்தைப் போக்க வேண்டியவர்கள் பெற்றோராகிய நாமே. பதினாறு வயதுவரை கல்வி கட்டாயமென்று 2016இல் விதியாயிற்று. ஆயினும் அதற்கு முன்பே கொழும்புக் கடைகளுக்குப் போய்விடும் பிள்ளைகளை நாம் அறிவோம். பத்தாம் வகுப்புவரை காத்திருந்தால் அவர்களுக்கு இப்பாடம் கிட்டாது. ஏழாம் வகுப்பிலேயே தொடங்கட்டும். ஆணும் பெண்ணும் முதலில் தனித்தனியாக இருக்கட்டும். தோட்டத்துக்கு வரும் மருத்துவமாதுவை வகுப்புக்கும் அழைப்போம். உடலைப் பற்றிச் சொல்லும் நாளிலேயே சட்டத்தையும் சொல்வோம்; அதற்கு நாம் கூலியின்றி வருகிறோம். ஒருவன் தகாத முறையில் தொட்டால் யாரிடம் சொல்வது என்பதையும், சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 என்ற இலக்கத்தையும் ஒவ்வொரு பிள்ளையும் மனப்பாடமாக அறியட்டும்.

இதற்குக் கொழும்பின் உத்தரவு வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. அடுத்த பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டத்தில் தீர்மானமாகக் கொண்டுவாருங்கள். அதிபருக்கு அது துணையாக இருக்கும். தகப்பன்மாரும் அன்று வரவேண்டும். இன்று இம்மண்டபத்தில் அவர்களை எண்ண ஒரு கைவிரல்கள் போதும்.